பிபி மாத்திரை பேரோட வால வச்சே அது இதயத்துல என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்குறது எப்படி

மாத்திரை அட்டைய கையில எடுங்க. பெரிய எழுத்துல இருக்குறது கம்பெனி வச்ச பேரு, அது நமக்கு வேணாம். அதுக்கு கீழயோ மேலயோ பொடி எழுத்துல இன்னொரு பேரு இருக்கும், கண்ணாடி போட்டாதான் தெரியும், அதுதான் நெஜமான மருந்து பேரு. அத வாய்விட்டு படிங்க, கடைசில வர்ற சத்தத்த மட்டும் காதுல வாங்கிக்கோங்க. டிபின்னு முடியுதா, லால்னு முடியுதா, ப்ரில்லா, சார்ட்டனா, தயசைடா. இந்த வாலு ஒரு குடும்பப் பேரு மாதிரி, கம்பெனி மாறினாலும் டாக்டர் மாறினாலும் இது மாறாது, இத வச்சே அந்த மாத்திரை ஒடம்புல எந்த எடத்துல கை வைக்குதுன்னு சொல்லிடலாம். ஒரே மாத்திரையில ரெண்டு மூணு பேரு சேந்து இருக்கும், அப்போ ஒவ்வொரு பேரையும் தனித்தனியா படிங்க.

நான் டாக்டர் இல்ல, வீட்ல பெரியவங்க மாத்திரைய வாரா வாரம் டப்பாவுல பிரிச்சு வைக்குற ஆளு, அவ்ளோதான். இத படிச்சிட்டு யாரும் மாத்திரைய மாத்தவோ நிறுத்தவோ வேணாம். ஆனா என்ன சாப்பிடுறோம்னு தெரிஞ்சா டாக்டர் முன்னாடி உக்காந்து கேக்க வேண்டிய கேள்விய கேக்கலாம், தேவையில்லாம பயப்படாமலும் இருக்கலாம். கால் வீங்குச்சுன்னு தானா மாத்திரைய நிறுத்திட்டு ஆறு மாசம் கழிச்சு ஸ்ட்ரோக்ல வந்து நிக்குறவங்க கதை எல்லா ஊர்லயும் இருக்கு.

மொதல்ல மெஷின புரிஞ்சுக்கணும், இல்லனா மாத்திரை புரியாது. இதயம் ஒரு தடவ துடிச்சா சுமாரா 70 மில்லி ரத்தத்த தள்ளும், நிமிஷத்துக்கு 70 தடவ துடிச்சா 5 லிட்டர், அதாவது ஒடம்புல இருக்குற மொத்த ரத்தமும் ஒரு நிமிஷத்துல ஒரு சுத்து வந்துடுது. இந்த ரத்தம் போற வழியில பெரிய ரத்தக்குழாய்ங்க அவ்வளவா தடுக்குறதில்ல, கடைசியில கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி குழாய்ங்க இருக்கு பாருங்க, அதோட சுவத்துல தசை இருக்கு, அது சுருங்குறதும் விரியுறதும்தான் பிரஷர ஏத்தி எறக்குது. ஹோஸ் பைப் வாய கட்டவிரலால அமுக்கினா தண்ணி எப்படி சீறுதோ அது மாதிரி. இதுல ஒரு கணக்கு இருக்கு, குழாயோட ஆரம் 10 சதவீதம் கொறைஞ்சாலே ரத்தம் போறதுக்கான தடை 50 சதவீதம் கூடிடும், ஏன்னா அது நாலு அடுக்கா பெருகுற கணக்கு. அதனாலதான் ஒரு துளியூண்டு மருந்து குழாய லேசா தளத்தினாலே மீட்டர்ல 10, 15 பாயிண்ட் எறங்குது.

ஆக பிரஷர எறக்கணும்னா கை வைக்குறதுக்கு எடம் கொஞ்சம்தான் இருக்கு. பம்ப்ப மெதுவாக்கலாம், குழாய விரிக்கலாம், உள்ள ஓடுற தண்ணி அளவ கொறைக்கலாம், இல்ல கிட்னி அனுப்புற 'பிரஷர ஏத்து'ங்குற ஆர்டர வழியிலயே மறிக்கலாம். எல்லா பிபி மாத்திரையும் இந்த நாலுல ஒண்ணோ ரெண்டோதான் பண்ணும்.

டிபின்ல ஆரம்பிப்போம், ஏன்னா அம்லோடிபின் தான் நிறைய பேர் அட்டையில இருக்கும், சில்னிடிபின், நிஃபெடிபின் எல்லாம் அதே குடும்பம். குழாய் சுவத்து தசை சுருங்கணும்னா கால்சியம் உள்ள போகணும், இது அந்த கதவ சாத்திடும். தசை தளந்து குழாய் விரியும், இதயம் எதுத்து தள்ள வேண்டிய பாரம் கொறையும். இதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஒண்ணு, அம்லோடிபின் ரொம்ப நிதானமான ஆளு, ஒடம்புல பாதி கரையுறதுக்கே 30லேந்து 50 மணி நேரம் ஆகும், முழு பலன் தெரிய ஒரு வாரம் கிட்ட ஆகும், அதனால மூணாவது நாள் பிபி பாத்துட்டு 'இது வேலையே செய்யல'ன்னு முடிவு கட்டாதீங்க. அதே காரணத்தால ஒரு நாள் மறந்துட்டாலும் பிரஷர் சட்டுன்னு எகிறாது.

ரெண்டாவது அந்த கால் வீக்கம். சாயங்காலம் ஆச்சுன்னா கணுக்கால்கிட்ட சாக்ஸ் தடம் பதியும், ஒடனே கிட்னி போச்சுன்னு வீடே பதறும். நடக்குறது என்னன்னா, மருந்து ரத்தம் உள்ள வர்ற குழாய நல்லா விரிச்சு விடுது, வெளிய போற குழாய அந்த அளவுக்கு விரிக்கல, நடுவுல இருக்குற நுண்குழாய்ல நெரிசலாகி தண்ணி சதைக்குள்ள கசியுது. ஒடம்புல தண்ணி அதிகமானதால வந்த வீக்கமே இல்ல இது, அதனாலதான் இதுக்குன்னு யூரின் போற மாத்திரை போட்டா பெருசா வடியாது. டோஸ கொறைச்சா வடியும், இல்ல கூட ஒரு ப்ரில்லோ சார்ட்டனோ சேத்தா வடியும், அதுங்க வெளிய போற பக்கத்தையும் தெறந்து விடும். ஆனா வீக்கத்தோட மூச்சு வாங்குதுன்னாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குதுன்னாலோ அது வேற கதை, அன்னைக்கே டாக்டர பாக்கணும். ஈறு தடிக்குறதும் இந்த குடும்பத்தால சிலருக்கு வரும், பல் டாக்டர்கிட்ட போனா என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க.

ஒரு காலத்துல பிபி ரொம்ப ஏறிடுச்சுன்னா நிஃபெடிபின் கேப்சூல கடிச்சு நாக்குக்கு அடியில வைக்க சொல்லுவாங்க. பத்து இருபது நிமிஷத்துல நம்பர் சர்ருன்னு எறங்கும், பாக்க திருப்தியா இருக்கும். அப்புறம்தான் புரிஞ்சது, அவ்ளோ வேகமா எறக்கினா மூளைக்கும் இதயத்துக்கும் போற ரத்தமே பத்தாம ஸ்ட்ரோக்கும் மாரடைப்பும் வந்துடுதுன்னு. அந்த பழக்கத்த டாக்டருங்க கைவிட்டுட்டாங்க, நீங்களும் யாராவது பெரியவங்க சொன்னாங்கன்னு செய்யாதீங்க.

டில்டியாஸெம், வெரபமில்னு ரெண்டு பேரு இருக்கு, இதுங்களும் கால்சியம் கதவ சாத்துற ஆளுங்கதான், ஆனா குழாய விட இதயத்து மேலதான் ஜாஸ்தி கை வைக்கும், துடிப்ப மெதுவாக்கும். வெரபமில் மலச்சிக்கலும் தரும். இதுங்கள்ல ஒண்ணும் லால்ல முடியுறது ஒண்ணும் ஒரே டப்பாவுல இருந்தா, ரெண்டையும் ஒரே டாக்டர்தான் தெரிஞ்சு எழுதினாரான்னு கட்டாயம் கேளுங்க, ரெண்டும் சேந்தா பல்ஸ் ஆபத்தான அளவுக்கு விழலாம்.

சரி, லால். அட்டினோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், ப்ரோப்ரானலால், நெபிவோலால், கார்வெடிலால் (இதோட வால் மட்டும் கொஞ்சம் கோணல்). பயந்தா, கோவம் வந்தா, ஓடினா அட்ரினலின் வந்து இதயத்துல ஒரு சீட்ல உக்காரும், ஒடனே படபடன்னு அடிக்கும். இந்த மாத்திரை அந்த சீட்ல முன்னாடியே துண்டு போட்டு எடம் புடிச்சுக்கும். துடிப்பு கொறையும், ஒவ்வொரு துடிப்போட வேகமும் கொறையும், கிட்னி விடுற ரெனின்னு ஒரு பொருளும் கொறையும். ஜேம்ஸ் பிளாக்னு ஸ்காட்லாந்துக்காரர் 1960கள்ல ப்ரோப்ரானலால உருவாக்கினார், அவர் மனசுல இருந்தது பிபி இல்ல, நெஞ்சுவலி. 1988ல நோபல் பரிசும் வாங்கினார்.

நெஞ்சுவலிக்கு இது ஏன் கேக்குதுங்குறது அழகான விஷயம். ஒடம்பு பூரா ரத்தம் போறது இதயம் சுருங்கும்போது, ஆனா இதயத்துக்குன்னு இருக்குற ரத்தக்குழாய்ல ரத்தம் பெரும்பாலும் ஓடுறது இதயம் விரிஞ்சு ஓய்வெடுக்குற அந்த அரை நொடியிலதான், சுருங்கும்போது அதோட தசையே அதோட குழாய நசுக்கிடுதுல்ல. துடிப்பு மெதுவானா ஓய்வு நேரம் நீளும், இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்த நிதானமா வாங்கிக்கும். அதனாலதான் மாரடைப்பு வந்தவங்க, ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் தேவையான அளவு ரத்தத்த தள்ள முடியாத நெலமை) இருக்குறவங்க, துடிப்பு தாறுமாறா ஓடுறவங்க இவங்களுக்கெல்லாம் இது எழுதுறாங்க. அந்த மாதிரி காரணம் எதுவும் இல்லாம வெறும் பிபிக்கு மட்டும்னா நிறைய டாக்டருங்க மொத மாத்திரையா இத எடுக்குறதில்ல.

இத சாப்பிடுறவங்க பல்ஸ் 55, 60ன்னு இருக்கும், ஸ்மார்ட் வாட்ச் பாத்து பதற வேணாம், அது மருந்து வேலை செய்யுறதுக்கு அடையாளம். 50க்கு கீழ போயி கூடவே தலை சுத்துது, கண்ணு இருட்டுதுன்னா போன் போடுங்க. கை கால் ஜில்லுன்னு இருக்கலாம், மாடிப்படி ஏறினா முன்ன மாதிரி தெம்பு வராம இருக்கலாம், எக்சர்சைஸ்க்கு வாட்ச் சொல்ற டார்கெட் பல்ஸ் உங்களுக்கு பொருந்தாது. ஆஸ்துமா இருந்தா டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிடணும், மூச்சுக்குழாய சுருக்கிவிடும். சுகர் இருக்குறவங்களுக்கு இன்னொரு சங்கடம், சுகர் திடீர்னு எறங்கினா வர்ற நடுக்கமும் படபடப்பும் இந்த மாத்திரையால மறைஞ்சு போயிடும், வேர்க்குறது மட்டும் மறையாது, அதனால காரணமில்லாம வேர்த்துச்சுன்னா ஒடனே சுகர் பாருங்க.

எந்த பிபி மாத்திரையையும் தானா நிறுத்தக்கூடாதுதான், ஆனா லால் குடும்பத்துக்கு இது ரெண்டு மடங்கு. ரொம்ப நாளா சீட்ட மறிச்சு வச்சிருந்ததால ஒடம்பு எக்ஸ்ட்ரா சீட் போட்டு வச்சிருக்கும், மாத்திரைய சட்டுன்னு விட்டா அட்ரினலின் வந்து அத்தனை சீட்லயும் உக்காந்துடும், படபடப்பு, நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். ஊருக்கு போறப்ப மறந்து வச்சிட்டு போற மாத்திரையா இது இருக்கக்கூடாது. க்ளோனிடின்னு ஒரு மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

அடுத்து ப்ரில்லும் சார்ட்டனும், எனக்கு ரொம்ப புடிச்ச கதை இது. கிட்னிக்கு ரத்தம் பத்தலன்னு தோணினா ரெனின் விடும், அதுலேந்து ஆஞ்சியோடென்சின்-1னு ஒரு பொருள் உருவாகும், அது நுரையீரல் பக்கம் போகும்போது அங்க இருக்குற ஒரு நொதி அத வெட்டி ஆஞ்சியோடென்சின்-2 ஆ மாத்தும். இந்த ரெண்டாவது ஆளு பெரிய வில்லன், குழாய சுருக்குவான், உப்பையும் தண்ணியையும் புடிச்சு வைக்க சொல்வான், வருஷக்கணக்குல இதயத்து தசைய தடிக்க வைப்பான். எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் வெட்டுற நொதிய முடக்கும். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஓல்மெசார்ட்டன் எல்லாம் அவன உருவாக விட்டுட்டு போயி உக்கார்ற எடத்துல மறிச்சிடும். ரெண்டுமே பல்ஸ் மேல கை வைக்காது, குழாய் தளரும், தடிச்ச இதயம் மெல்ல மெல்ல பழைய அளவுக்கு திரும்பும்.

இது எங்கேந்து வந்துச்சு தெரியுமா, பாம்பு விஷத்துலேந்து. பிரேசில்ல ஜராராகான்னு ஒரு விரியன் இருக்கு, அது கடிச்சா பிரஷர் சரிஞ்சு விழும். செர்ஜியோ ஃபெரேரான்னு பிரேசில் விஞ்ஞானி 1960கள்ல அந்த விஷத்துல என்ன இருக்குன்னு தோண்டினார், அந்த வழியில போயிதான் கேப்டோப்ரில் வந்துச்சு, 1981ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது.

ப்ரில் ஆரம்பிச்சு சில வாரத்துலயோ சில மாசத்துலயோ தொண்டையில நமநமன்னு வறட்டு இருமல் வந்தா அது சளி இல்ல. அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு, பிராடிகைனின்னு ஒரு பொருள ஒடைக்குறது. நொதிய முடக்கினா இது தேங்கும், தொண்டைய கிளறும். சுமாரா பத்துல ஒருத்தருக்கு வரும். இருமல் சிரப் எத்தனை பாட்டில் குடிச்சாலும் போகாது, டாக்டர்கிட்ட சொன்னா சார்ட்டனுக்கு மாத்திடுவார், ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்க ஆரம்பிக்கும், சிலருக்கு கூடவும் ஆகும். உதடு, நாக்கு, முகம் திடீர்னு வீங்குச்சுன்னா மட்டும் சிரப்பும் வேணாம் போனும் வேணாம், நேரா எமர்ஜென்சிக்கு போங்க, அடுத்த மாத்திரைய தொடாதீங்க.

இந்த ரெண்டு குடும்பமும் கிட்னிய பாதுகாக்கும்னும் சொல்றாங்க, கிரியாட்டினின (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பாக்குற அளவு) ஏத்தும்னும் சொல்றாங்க, எது நெஜம்னு நிறைய பேருக்கு குழப்பம். ரெண்டும் நெஜம்தான். கிட்னி ஃபில்டருக்குள்ள இருக்குற அழுத்தத்த இது எறக்குது, அதனால ஆரம்பத்துல ஃபில்டர் வேகம் லேசா கொறையும், கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், 30 சதவீதம் வரைக்கும் ஏறினா பொதுவா பொறுத்துக்குவாங்க. ஆனா சுகரால யூரின்ல புரோட்டீன் ஒழுகுறவங்களுக்கு அந்த அழுத்தம் கொறையுறதுதான் ஃபில்டர வருஷக்கணக்குல காப்பாத்துது. அதனால ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு வாரத்துல, டோஸ் ஏத்தும்போதும், கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணுங்க, டாக்டர் சொல்லலன்னா நீங்க கேளுங்க. பொட்டாசியம் ஏறுறது கண்ணுக்கு தெரியாது, ஒரேயடியா ஏறினா இதயத்துடிப்பையே கெடுத்துடும். பிபிக்கு நல்லதுன்னு விக்குற சோடியம் கம்மி உப்புல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியத்ததான் போட்டிருப்பாங்க, இந்த மாத்திரை சாப்பிடுறவங்க அத டாக்டர கேக்காம தொடாதீங்க. ப்ரில்லும் சார்ட்டனும் சேத்து சாப்பிடக்கூடாது, 2008ல வந்த ஒரு பெரிய ஆய்வுல சேத்து குடுத்து பாத்தாங்க, பலன் கூடல, கிட்னி பிரச்சனைதான் கூடுச்சு. கர்ப்பமா இருந்தாலோ அதுக்கு திட்டமிருந்தாலோ ரெண்டுமே ஆகாது, குழந்தைய பாதிக்கும், லபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மாதிரி வேற மருந்து இருக்கு.

தயசைடுன்னு முடியுற தண்ணி மாத்திரைக்கு, அதாவது யூரின் போற மாத்திரைக்கு வருவோம். 1945 ஏப்ரல் 12ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில ரத்தம் கசிஞ்சு செத்தப்போ பிரஷர் 300/190. ஒரு நாட்டு ஜனாதிபதிக்கே அன்னைக்கு குடுக்க உருப்படியா பிபி மாத்திரை கிடையாது, உப்ப கொறைங்க, ஓய்வெடுங்க, அவ்ளோதான். 1958ல குளோரோதயசைடு வந்தப்புறம்தான் சாதாரண ஆளு வாயில போட்டுக்குற மாதிரி, தாங்குற மாதிரி ஒரு மருந்து கெடச்சுது. இப்போ நம்ம அட்டையில இருக்குறது ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு, பின்னாடி ரெண்டுக்கும் வால் வேற, குணம் அதேதான்.

எல்லாரும் நெனைக்குறது இது யூரினா தண்ணிய வெளிய தள்ளி பிபிய எறக்குதுன்னு. மொத சில வாரம் அது சரிதான், உப்பும் தண்ணியும் போகும், இதயத்துக்கு திரும்பி வர்ற ரத்தம் கொறையும். அப்புறம் தண்ணி அளவு கிட்டத்தட்ட பழைய எடத்துக்கே வந்துடும், ஆனா பிபி ஏறாது, ஏன்னா அதுக்குள்ள குழாய்ங்க தளந்திருக்கும். அதனால 'முன்ன மாதிரி யூரின் போகல, மாத்திரை பழகிடுச்சு'ன்னு நெனைக்காதீங்க. வெல கம்மியான பழைய மருந்துன்னு எளக்காரமா பாக்குறவங்களுக்கு ஒண்ணு, 2002ல 33,000 பேருக்கு மேல வச்சு நடந்த ஆல்ஹாட் ஆய்வுல குளோர்தாலிடோன் புது மருந்துங்களுக்கு சமமா நின்னுச்சு, ஹார்ட் ஃபெயிலியர தடுக்குறதுல முந்தவும் செஞ்சுது.

தொந்தரவு என்னன்னா சோடியமும் பொட்டாசியமும் எறங்கும், யூரிக் ஆசிட் ஏறும். வயசானவங்க திடீர்னு மந்தமா ஆகுறாங்க, தடுமாறுறாங்க, சம்பந்தமில்லாம பேசுறாங்கன்னா வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, சோடியம் பாருங்க. ஆடுதசை புடிச்சுக்குது, துடிப்பு விட்டு விட்டு வருதுன்னா பொட்டாசியம். கால் கட்டவிரல் மூட்டு ராத்திரி செவந்து வீங்கி உயிர் போற மாதிரி வலிச்சா யூரிக் ஆசிட். ஃப்யூரோசெமைடு வேற ரகம், நாலஞ்சு மணி நேரத்துக்கு அடிச்சு தள்ளும், அது ஹார்ட் ஃபெயிலியர், கிட்னி பிரச்சனைக்குத்தான் ஜாஸ்தி. ஸ்பைரனோலாக்டோன் மூணு மாத்திரை போட்டும் அடங்காத பிபிக்கு நாலாவதா வரும், இது பொட்டாசியத்த ஏத்துற ரகம், ஆம்பளைங்களுக்கு மார்பு வலியும் வீக்கமும் வரலாம், கூச்சப்படாம சொல்லுங்க, மாத்து மருந்து இருக்கு.

ப்ராசோசின் மாதிரி ஓசின்னு முடியுறதுங்க குழாய விரிக்கும், ப்ராஸ்டேட் தொந்தரவுக்கும் குடுப்பாங்க, மொத டோஸ் சாப்பிட்டு சட்டுன்னு எழுந்தா விழுந்துடுவீங்க, அதனால மொத மாத்திரைய படுக்கும்போது போட்டுட்டு படுங்க.

ஏன் ஒரே மாத்திரைய டபுளாக்காம ரெண்டு மாத்திரை தர்றாங்கன்னு கோவப்படுறவங்க உண்டு. ஒடம்பு சும்மா இருக்காது, குழாய விரிச்சா 'அய்யோ பிரஷர் போச்சே'ன்னு இதயம் வேகமா அடிக்கும், தண்ணிய எறக்கினா கிட்னி ரெனின அள்ளி விடும். ஒரே மாத்திரைய டபுளாக்கினா கூடுதல் பலன் கொஞ்சம்தான், தொந்தரவுதான் ஏறும். வேற குடும்பத்துலேந்து இன்னொண்ண சின்ன டோஸ்ல சேத்தா ஒடம்பு போடுற எதிர்ப்ப அது அடக்கும். தயசைடு ரெனின ஏத்தும், சார்ட்டன் அத முடக்கும், பொட்டாசியத்த ஒண்ணு எறக்கும் இன்னொண்ணு ஏத்தும், இந்த ஜோடி தற்செயலா அமைஞ்சதில்ல.

இப்போ வீட்ல பாக்குறது. காலையில மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கணும், அப்போதான் நேத்து போட்டது 24 மணி நேரம் தாங்குச்சான்னு தெரியும், ராத்திரி ஒரு தடவ. யூரின் போயிட்டு, காபி சிகரெட் முடிஞ்சு அரை மணி நேரம் ஆகி, அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, கால் மேல கால் போடாம, பேசாம, வெறும் கையில பட்டைய சுத்துங்க. கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், 10 சென்டிமீட்டர் கீழ தொங்கினாலே 7, 8 பாயிண்ட் ஜாஸ்தியா காட்டும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவ எடுத்து பல்ஸோட சேத்து எழுதி வைங்க. புது மாத்திரையோ புது டோஸோ ஆரம்பிச்சா எழுந்து நின்னு மூணு நிமிஷத்துக்குள்ளயும் ஒரு தடவ பாருங்க, மேல் நம்பர் 20க்கு மேல விழுந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வயசானவங்க பாத்ரூம்ல விழுறதுக்கு நிறைய நேரம் இதுதான் காரணம். வீட்ல சராசரி 135/85ங்குறது கிளினிக்ல 140/90க்கு சமம்.

காலையில போடுறதா ராத்திரி போடுறதான்னு ஒரு சண்டை ரொம்ப நாளா ஓடுச்சு, 2022ல பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல வச்சு பாத்தாங்க, இதய பாதிப்புல வித்தியாசமே இல்ல. மறக்காத நேரம் எதுவோ அதுல போடுங்க, யூரின் போற மாத்திரைய மட்டும் காலையில வச்சுக்கோங்க, தூக்கம் கெடாது.

மூட்டு வலி, முதுகு வலின்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எடுக்குறவங்க கவனிங்க, அதுங்க உப்ப புடிச்சு வச்சு பிபிய ஏத்தும், சார்ட்டனோ ப்ரில்லோ ஒண்ணு, தண்ணி மாத்திரை ஒண்ணு, கூட இந்த வலி மாத்திரை ஒண்ணுன்னு மூணும் சேந்தா கிட்னி படுத்துடும். வாந்தி பேதி வந்து ஒடம்புல தண்ணி வத்தின நாள்ல டாக்டருக்கு போன் பண்ணி எத நிறுத்தி வைக்கணும்னு கேளுங்க, அந்த நாள்ல தண்ணி மாத்திரையும் சார்ட்டனும் ப்ரில்லும் ஆபத்தா மாறும்.

மீட்டர்ல 180/120ன்னு காட்டி நீங்க நல்லாதான் இருக்கீங்கன்னா, எக்ஸ்ட்ரா மாத்திரைய முழுங்காதீங்க, அஞ்சு நிமிஷம் உக்காந்து திரும்ப பாருங்க, அப்பவும் அப்படியே இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க. கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சு கொழறுறது, ஒரு பக்கம் கை கால் வராம போறது, பார்வை மங்குறது இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா ரெண்டாவது தடவ பாத்துட்டு இருக்க வேணாம், ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, மாத்திரை அட்டைங்க எல்லாத்தையும் ஒரு பையில போட்டு கூடவே எடுத்துட்டு போங்க.